ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பிள்ளை மட்டும் துவண்டு கிடந்தான்

என் மகனுக்கு இருப்பது பிராடர் வில்லி சிண்ட்ரோம். பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் பிரசவங்களில் ஒரு குழந்தைக்கு வரக்கூடிய மரபணுக் கோளாறு என்று கணக்குச் சொல்கிறார்கள். பிறந்த முதல் மாதத்திலேயே, சரியான ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். எங்களுக்குத் தெரியவந்தபோது அவனுடைய முதல் பிறந்தநாள் முடிந்திருந்தது. அதற்குள் நாலு லட்சத்துக்கு மேல் செலவு, நகையெல்லாம் பேங்கில், என் வேலையும் போயிற்று. இத்தனைக்கும் நடுவில் எங்கள் கையில் சேர்ந்ததெல்லாம் ‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்டுகள்தான். நான் டாக்டர் இல்லை. கரூரில் ஒரு டெக்ஸ்டைல் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். துவண்டு கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி மூன்று மணிக்கு போனில் தேடிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

கர்ப்பமாக இருந்தபோதே அசைவு குறைவு. ஏழாம் மாதத்தில் மற்றவர்களெல்லாம் “உதைக்கிற உதையில தூங்கவே முடியல” என்று சொல்லும்போது எனக்கு எப்போதாவது மெல்லப் புரள்வது போல இருக்கும், அவ்வளவுதான். ஸ்கேனில் இதயத்துடிப்பு நன்றாக இருந்தது. “சோம்பேறிப் பையன் போல” என்று ஸ்கேன் அறையில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கடைசியில் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். எடை இரண்டேகால் கிலோ. அழுகைச் சத்தமே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாக நர்ஸ் சொன்னார். மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவே மாட்டான், உறிஞ்சத் தெரியவில்லை. கையைத் தூக்கி விட்டால் அப்படியே விழும். இரண்டு காலும் தவளைபோல விரிந்து கிடக்கும். விரைகள் இரண்டும் இறங்கவில்லை என்று டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு மூலையில் எழுதியிருந்தார்கள். “ஆறு மாசத்துல தானா இறங்கும், பாத்துக்கலாம்” என்றார்கள். பின்னால் அந்த மூலையில் இருந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது.

பிறந்ததும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துவிட்டார்கள். மூக்கு வழியாக டியூப். நான் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்ப, அதை சிரிஞ்சில் ஊற்றி வயிற்றுக்குள் விடுவார்கள். கொஞ்சம் தேறியதும் பாலாடையில் ஊற்றப் பழக்கினார்கள். நம் பாட்டிகள் வைத்திருந்த அதே பாலாடைதான். பால் உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகளிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு வேளைப் பால் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். அவன் பசி என்று அழுததே இல்லை. அலாரம் வைத்து எழுப்பி எழுப்பிக் கொடுப்போம். முதலில் ரத்தத்தில் கிருமி என்று ஆன்டிபயாடிக் போட்டார்கள். பிறகு, பிரசவத்தின்போது மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்று சந்தேகப்பட்டு எம்ஆர்ஐ எடுத்தார்கள். நார்மல். தைராய்டு நார்மல். சர்க்கரை நார்மல். அந்தப் பிரிவின் பில் மட்டும் இரண்டு லட்சத்தை நெருங்கியது. பிரசவத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த பணம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது வேறு விதம். நான் கட்டியிருப்பது என் சொந்த அத்தை மகனை. கூடியிருந்த சொந்தக்காரர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் “சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்” என்றார்கள். கல்யாணத்தை முன்னின்று நடத்தி வைத்தவர்களும் அதையே சொன்னதுதான் வேடிக்கை. என் அத்தை, அதாவது மாமியார், யாரும் பார்க்காதபோது அழுவார். “நாந்தான அம்மணி உன்னையக் கேட்டேன்” என்பார். குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது, சேலையில் போட்டு உருட்ட வேண்டும் என்று ஒரு பாட்டியம்மாவை அழைத்து வந்தார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை உருட்டுவதாவது! என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று அனுப்பிவிட்டார். உரைமருந்து ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. விழுங்கவே சிரமப்படும் குழந்தைக்குப் பாலோ மருந்தோ வலுக்கட்டாயமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பு துவண்ட குழந்தை வீட்டில் இருந்தால் இந்த ஒரு விஷயத்தில் யார் மனம் கோணினாலும் பரவாயில்லை, உறுதியாக நில்லுங்கள்.

பிறகு கோவையில் ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே ஒவ்வொரு முறையும் ஒரு டெஸ்ட், அதற்காக இரண்டு மூன்று வாரம் காத்திருப்பு. தசை நோயா என்று பார்க்க ஒரு என்சைம் டெஸ்ட், நார்மல். எஸ்எம்ஏ என்கிற முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய்க்கான ஜீன் டெஸ்ட், நெகட்டிவ். அந்த ரிசல்ட் வரும்வரை நாங்கள் உயிரோடு இருந்தோம் என்று சொல்ல முடியாது. அதற்கு மருந்து பல கோடி என்று செய்தித்தாளில் படித்திருந்தோம். வளர்சிதை மாற்றக் கோளாறுகளுக்கான ஸ்க்ரீனிங், நார்மல். குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்க்கும் கேரியோடைப், 46 எக்ஸ்-ஒய், நார்மல். ஒவ்வொரு முறையும் “நல்ல விஷயம்தானம்மா” என்பார்கள். குழந்தை அப்படியே கிடப்பான். ஒரு கட்டத்தில் ஏதாவது ஒன்று தப்பாக வந்துவிடக்கூடாதா என்று கூட நினைத்திருக்கிறேன். பெற்றவள் நினைக்கக் கூடாததுதான். ஆனால் பெயர் தெரியாத ஒன்றோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புரியும்.

இந்த இடத்தில்தான் முக்கியமான சங்கதி. கோவையில் ஒரு டாக்டர் குழந்தையைப் பார்த்ததும் பிராடர் வில்லியாக இருக்குமோ என்று சரியாகவே சந்தேகப்பட்டார். அதற்காக ஃபிஷ் என்று ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ஆறாயிரத்துச் சொச்சம். நான் அந்தப் பெயரைத் தேடிப் படித்தேன். குழந்தையாக இருக்கும்போது சாப்பிடாது, வளர்ந்த பிறகு பசியே அடங்காது, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குத் தெரியாது, சாப்பாட்டைப் பூட்டி வைக்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் போட்டிருந்தது. போனை அணைத்து வைத்துவிட்டுப் படுத்தேன். ரிசல்ட் வந்தது: “பிராடர் வில்லிக்கான இழப்பு காணப்படவில்லை.” டாக்டர் “அது இல்லை, கவலையை விடுங்க” என்றார். அன்றைக்கு மருதமலைக்குப் போய்விட்டுத்தான் ஊர் திரும்பினோம். ஃபைலில் முதல் பக்கத்தில் ‘பிராடர் வில்லி இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு டாக்டரும் அந்த வரியைப் படித்துவிட்டு வேறு பக்கம் தேடப் போனார்கள். எட்டு ஒன்பது மாதம் அந்த ஒரு வரியால் போனது.

அதற்கிடையில் எக்ஸோம் டெஸ்ட். எல்லா ஜீனையும் ஒரே நேரத்தில் படித்துவிடும், இதுதான் கடைசி டெஸ்ட் என்றார்கள். இருபத்தைந்தாயிரம். என் வளையல்கள் போனது இதற்குத்தான். ஒரு மாதம் காத்திருந்த பின் வந்த ரிப்போர்ட்டில் நோயைக் காட்டும் மாற்றம் எதுவும் இல்லை, ஆனால் என்ன அர்த்தம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு மாற்றம் ஒரு ஜீனில் இருக்கிறது என்று இருந்தது. அந்த ஜீனின் பெயரைத் தேடித் தேடிப் படித்து இன்னொரு புதிய நோயை நாங்களே பிள்ளைக்குக் கட்டிவிட்டோம். அப்பா அம்மா ரத்தத்தையும் எடுத்துப் பார்த்ததில் அதே மாற்றம் என் வீட்டுக்காரருக்கும் இருந்தது. அவர் முப்பத்து நாலு வயதில் நாற்பது கிலோ பெட்டியைத் தோளில் தூக்குகிறவர். ஆக அது ஒன்றுமில்லை. இதற்கும் தனியாகப் பணம். ‘அர்த்தம் நிச்சயமில்லாத மாற்றம்’ என்று ரிப்போர்ட்டில் வந்தால் அதை நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரபியல் டாக்டரிடம் காட்டும்வரை கூகுளில் தேடவும் தேடாதீர்கள்.

வேலூருக்குப் போகச் சொன்னது எந்த டாக்டரும் இல்லை. கரூர் அரசு ஆஸ்பத்திரி வளாகத்தில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பிசியோதெரபி கொடுத்துக்கொண்டிருந்த பொண்ணுதான் சொன்னது. “அக்கா, இத்தன டெஸ்ட் எடுத்தீங்களே, ஒரு தடவையாச்சும் ஜெனடிக்ஸ் டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?” காட்டவில்லை. டெஸ்ட்டை எழுதியவர்கள் எல்லாம் குழந்தை நல மருத்துவர்கள், நரம்பியல் மருத்துவர்கள். அவர்கள் துறையில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் மரபியல் மருத்துவம் என்பது தனி படிப்பு, தனித் துறை. வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் அதற்கென்றே பிரிவு இருக்கிறது. காட்பாடி ரயில் ஏறினோம்.

அங்கே எங்களைப் பார்த்த டாக்டரம்மா முதல் அரைமணி நேரம் எந்த ரிப்போர்ட்டையும் திறக்கவில்லை. மூன்று தலைமுறைக்கு வம்சாவளி வரைந்தார். வயிற்றில் அசைவு எப்படி இருந்தது, பால் எப்படிக் குடித்தான், அழுகை எப்படி இருந்தது என்று கேட்டார். பிக்மி எண் போட்ட கர்ப்பகாலப் புத்தகத்தை வாங்கி வரிவரியாகப் பார்த்தார். பிறகு பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றிப்பொட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் குறுகல், பாதாம் பருப்பு வடிவக் கண், மெல்லிய மேலுதடு, வயதுக்குச் சின்ன கை கால். எங்களுக்கு அதெல்லாம் எங்கள் மாமனார் சாயல் என்றுதான் தோன்றியிருந்தது. உதட்டோரத்தில் பிசின் மாதிரி ஒட்டிக் காய்ந்திருந்த எச்சிலைக் காட்டி “எப்பவுமே இப்படித்தான் கெட்டியா இருக்குமா?” என்றார். விரை இறங்காதது எழுதியிருந்த அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துவிட்டு, “மெத்திலேஷன் டெஸ்ட் எடுத்தாங்களா?” என்று கேட்டார். ஃபிஷ் எடுத்தார்கள், இல்லை என்று வந்துவிட்டது என்றேன். “ஃபிஷ் பாத்தா பாதிக் கதைதானம்மா தெரியும்” என்றார்.

அவர் படம் போட்டு விளக்கியதை ஊருக்கு வந்து என் வீட்டுக்காரர் தன் பாஷையில் அத்தைக்குச் சொன்னார். அவர் ஏற்றுமதி கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். “கன்டெய்னர்ல பெட்டி மொத்தம் நாப்பத்தாறு சரியா இருக்கான்னு எண்ணறது முத டெஸ்ட்டுங்கம்மா. பதினஞ்சாம் நம்பர் பெட்டியத் தொறந்து, குறிப்பிட்ட எடத்துல ரெண்டு பீஸ் இருக்கான்னு பாக்கறது ஃபிஷ். ரெண்டு இருந்துச்சு, அதனால ஓகேன்னு அனுப்பிட்டாங்க. அந்த ரெண்டு பீஸ்ல ஒண்ணு அப்பன் லேபிளோட வரணும், ஒண்ணு ஆத்தா லேபிளோட வரணும். பிரட்டி லேபிளப் பாத்தாத்தான் தெரியும். இவனுக்கு ரெண்டுலயும் ஆத்தா லேபிள்தான்.” இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது. 15-ஆவது குரோமோசோமின் அந்தப் பகுதியில் சில ஜீன்கள் அப்பாவிடமிருந்து வந்தால்தான் வேலை செய்யும். அம்மாவிடமிருந்து வரும் பிரதி இயல்பிலேயே அணைந்திருக்கும். பிராடர் வில்லி உள்ள குழந்தைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு அப்பாவின் துண்டு அறுந்து காணாமல் போயிருக்கும். அதை ஃபிஷ் பிடித்துவிடும். நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரையான பிள்ளைகளுக்கு எதுவும் காணாமல் போயிருக்காது, இரண்டுமே அம்மாவிடமிருந்து வந்திருக்கும். அதை ஃபிஷ் பார்க்காது, கேரியோடைப் பார்க்காது, எக்ஸோமும் சாதாரணமாகத் தவறவிட்டுவிடும். அந்த லேபிளைப் பார்க்கும் மெத்திலேஷன் டெஸ்ட் ஒன்றுதான் எந்த வகையாக இருந்தாலும் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். எங்களுக்கு அது ஆனது ஏழாயிரம் ரூபாய்கூட இல்லை. இந்த இரண்டாவது வகைக் குழந்தைகளுக்கு முக அடையாளமும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும் என்பதால் கண்ணுக்கும் சட்டென்று படாது.

ஆகவே, பிறந்த குழந்தை காரணம் தெரியாமல் துவண்டு இருக்கிறது, உறிஞ்சிக் குடிக்கவில்லை என்றால், டாக்டரிடம் பணிவாகவே கேளுங்கள்: “15-ஆவது குரோமோசோமுக்கு மெத்திலேஷன் பாத்துடலாமா?” எந்த ஜீன் டெஸ்ட் எழுதினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எந்த நோயைத் தேடுகிறது? இதில் நார்மல் என்று வந்தாலும் அந்த நோய் இருக்க வாய்ப்புண்டா? நான் இப்போது எல்லா டாக்டரிடமும் கேட்கிறேன். கோபித்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு. நோய் இல்லை என்று ஃபைலில் எழுதினால், எந்த டெஸ்ட்டை வைத்து இல்லை என்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ரிசல்ட் வந்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘தாய்வழி’ என்ற சொல் அந்தத் தாளில் இருந்தது. அதுவரை சொந்தத்தில் கட்டியதால் என்றவர்கள் இனிமேல் “அவகிட்ட இருந்து வந்ததாமே” என்பார்கள் என்று முதல் நினைப்பே அதுதான் வந்தது. பிள்ளையைப் பற்றிக்கூட அடுத்துத்தான். அங்கிருந்த மரபியல் ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம் பிரிவதில் தற்செயலாக நடக்கும் பிசகு. நான் சாப்பிட்டதாலோ, வேலைக்குப் போனதாலோ, சொந்தத்தில் கட்டியதாலோ வந்தது கிடையாது. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் கூடுகிற நோய்கள் வேறு, அவை அப்பா அம்மா இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுது சேர்வதால் வருபவை. பிராடர் வில்லி அந்த ரகம் இல்லை. எங்கள் வகையில் அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மிக அரிதான இன்னொரு வகை உண்டு, அதில் மட்டும் அடுத்த பிள்ளைக்கு ஐம்பது சதவீதம்வரை ஆபத்து இருக்கலாம். அதனால்தான் மெத்திலேஷனில் தெரிந்த பிறகு எந்த வகை என்று பிரித்துப் பார்க்கும் டெஸ்ட்டையும் விடக்கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அத்தை அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். யாராவது வாயைத் திறந்தால் எடுத்துக் காட்டுகிறார். எங்கள் வீட்டில் மாத்திரை மருந்துகளைவிட அதிகம் வேலை செய்தது அந்தத் தாள்தான் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, மருந்தா இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லைதான். ஆனால் வளர்ச்சி ஹார்மோன் ஊசி இருக்கிறது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டே பிராடர் வில்லிக்கு அதை அனுமதித்துவிட்டார்கள். உயரத்துக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். தசை வலு கூடுகிறது, கொழுப்பு சேர்வது குறைகிறது, சின்ன வயதில் ஆரம்பித்தால் உட்கார்வது நடப்பது எல்லாம் கொஞ்சம் முன்னதாக வருகிறது என்கிறார்கள். எங்களுக்கு மாதம் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. எடை கூடக்கூட இதுவும் கூடும். ஊசி ஆரம்பிக்கும் முன் தூக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி, தொண்டைச் சதை பரிசோதனை, தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டும். மூச்சுத் தடை இருக்கும் பிள்ளைக்கு அப்படியே போட்டால் ஆபத்து. மூன்று வயதான இப்போது அவன் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான். எங்களுக்கு உறுத்துவதெல்லாம் அந்த ஊசியில்லாமல் போன மாதங்கள்தான்.

பணத்துக்கு: மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் பிராடர் வில்லிக்கு வளர்ச்சி ஹார்மோன் தருவதும் இரண்டாவது பிரிவில் இருக்கிறது. அந்தக் கொள்கையின் கீழ் சிறப்பு மையங்கள் என்று அறிவிக்கப்பட்ட மருத்துவமனைகள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம்வரை உதவி என்று விதி. சாதாரண ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிப் பயனில்லை, அந்த மையத்தில் பதிந்தால்தான் கணக்கில் வரும். நாங்கள் பதிந்துவிட்டோம், கைக்கு இன்னும் எதுவும் வரவில்லை. கிடைக்கும் என்று நம்பி ஊசியை நிறுத்திவைக்காதீர்கள், கிடைக்காது என்று பதியாமலும் இருக்காதீர்கள். மாவட்டத் தலைநகர்களில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி இலவசம். நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் தெரபி என்று காத்திருக்கத் தேவையே இல்லை. நான் தனியார் இடத்தில் ஒரு வேளைக்கு நானூறு ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் அது இருந்தது.

சில சில்லறை விஷயங்கள், ஆனால் பணத்தை மிச்சப்படுத்துபவை. பால் குடிக்கும்போதும் அழும்போதும் கைகால் அசைக்கும்போதும் போனில் வீடியோ எடுத்துத் தேதியோடு வையுங்கள். பெரியவனான பிறகு பார்க்கும் டாக்டருக்கு முதல் மாதத்தில் அவன் எப்படி இருந்தான் என்று வாயால் சொன்னால் புரியாது. குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால், எப்போது ஏற்றினார்கள் என்பதை ஜீன் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கொடுத்தவரின் செல்கள் முடிவைக் குழப்பலாம். லேப்பில் டிஎன்ஏவை எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், அடுத்த டெஸ்ட்டுக்கு மறுபடியும் பிள்ளையைக் குத்த வேண்டியதில்லை. எக்ஸோம் எடுத்தால் ரிப்போர்ட்டோடு மூலத் தரவையும் கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் திரும்ப அலசிப் பார்க்க உதவும். டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றையும் தொலைக்காதீர்கள், மூலையில் எழுதியதைக்கூட.

சாப்பாட்டு விஷயம் எங்கள் வீட்டில் இன்னும் தினசரிச் சண்டை. ஒரு வயதுவரை ஊட்டினால் இறங்காத பிள்ளை, அதற்குப் பின் மெல்ல மெல்ல நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தான். பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தோஷம். அத்தை நெய் ஊற்றிப் பிசைந்து ஊட்டுவார். “இப்பத்தான சாமி சாப்பிடறான், அதையும் தடுக்கறியே” என்பார். ஆனால் இந்த நோயின் போக்கே அப்படித்தான்: முதலில் சாப்பிடாது, பிறகு சாதாரணமாக இருக்கும், இரண்டு வயதுக்கு மேல் சாப்பாடு கூடாமலேயே எடை ஏறும், நாலரை ஐந்து வயதுக்கு மேல் சாப்பாட்டின் மேல் ஆசை கூடும், எட்டு வயது வாக்கில் அடங்காப் பசி. இவர்களுக்கு மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவான கலோரி போதும். ஆகவே பசி வந்த பிறகு பூட்டுப் போடுவதைவிட, பசி வரும் முன்பே வேளைக்குச் சாப்பாடு, தட்டில் வைத்ததோடு சரி, நடுவில் எதுவும் கிடையாது என்று வீட்டையே பழக்கிவிடச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது வீட்டில் பிஸ்கட் டப்பா வெளியே இருப்பதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துவிட்டோம். இது சுலபமாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக ஒரு பக்கத்தில் ஒரு தாள் தயாரித்து வைத்திருக்கிறேன். நோயின் பெயர், எந்த வகை, எந்த டெஸ்ட்டில் உறுதியானது, பார்க்கும் டாக்டரின் எண். அதன் கீழ்: வலி தாங்கும் சக்தி அதிகம், எலும்பு முறிந்தால்கூட அழாமல் இருக்கலாம். கிருமித் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். வாந்தி எடுப்பது அரிது, எனவே வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பி சாப்பாடு வேண்டாம் என்றாலோ சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. மயக்க மருந்து கொடுக்கும் முன் ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட் பார்க்கவும். விரைகளை இறக்கி வைக்கும் ஆபரேஷனின்போது மயக்க மருந்து டாக்டர் இந்தத் தாளைப் படித்துவிட்டு, சிகிச்சைக்குப் பின் ஒரு ராத்திரி கூடுதலாகக் கண்காணிப்பில் வைத்தார். ஒரு நகல் என் பையில், ஒன்று அத்தையிடம், ஒன்று அங்கன்வாடி டீச்சரிடம். டீச்சரிடம் கொடுத்ததில் மட்டும் சிவப்பு மையில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: முட்டை ஒன்றுதான், சத்துமாவு உருண்டை இரண்டாவது கேட்டால் கொடுக்க வேண்டாம், பக்கத்துப் பிள்ளையின் தட்டு இவன் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.